ஐந்து டொலர் வழங்கியை மதிப்பிடும் வகை

இணையத்தளம் ஒன்றை அமைத்து நடத்த விரும்புவோர் யாவரும் ஏதோவொரு கட்டத்தில் ஒரே வினாவை எதிர்நோக்குகின்றனர். தளத்தை எங்கே வைப்பது என்பதே அவ்வினா. பழைய மாணவர் சங்கம், சிறு சஞ்சிகை, புத்தகசாலை, கூட்டுறவுச் சங்கம் முதலியன பெரும்பாலும் பலருடன் கூடியிருக்கும் பொதுத் தங்குமிடத்திலேயே முதலில் குடிபுகுகின்றன. வாசகர் தொகை பெருகியபின்னரோ, தாம் வேண்டிய மென்பொருளை நிறுவ அங்கு இடமில்லை என்று கண்டபின்னரோ, வி.பி.எஸ். என்று வழங்கும் மெய்நிகர் தனி வழங்கியை அவை நாடுகின்றன. மாதத்துக்கு நான்கு டொலர், ஐந்து டொலர் என்று விளம்பரங்கள் அழைக்கின்றன. ஆண்டு முழுவதற்குமே பதினைந்து டொலர் எனக் கூவுவாரும் உளர். இவ்விலைக்குக் கிடைப்பது யாது, அதன் தரத்தை எவ்வாறு அளந்தறிவது என்பனவே இப்பேச்சின் பொருளாகும்.

முதலில் மெய்நிகர் வழங்கி என்பது யாதென நோக்குவோம். தரவு நிலையம் ஒன்றில் பெரியதொரு கணினி நிற்கின்றது. அதில் பல செயலிக் கோர்களும், நூற்றுக்கணக்கான ஜிகாபைற்று நினைவகமும் உள. ஹைப்பர்வைசர் என்னும் மென்பொருள் அதனைப் பல சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறும் தன்னைத் தனிக் கணினியாகவே கருதுமாறு செய்கின்றது. இஃது இக்காலத்துப் புதுமையன்று. மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் ஐ.பி.எம். நிறுவனம் நடத்திய விஞ்ஞான நிலையத்தில் 1960களிலேயே இவ்வுபாயம் கையாளப்பட்டது. 1972ஆம் ஆண்டில் அந்நிறுவனம் வி.எம்./370 என்ற பெயரால் அதனை அறிவித்தது. கணினி ஒன்றின் விலை பெருஞ்செல்வமாக இருந்த காலமாதலின், ஒன்றைப் பலராகப் பங்கிட்டுக்கொள்ளும் தேவை அன்று எழுந்தது. பின்னர், மேசைக் கணினி மரபில் வந்த சாதாரண இயந்திரங்களுக்கும் அது பரவிற்று. 2003இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் சென் என்னும் ஹைப்பர்வைசரை வெளியிட்டனர். 2007இல் கே.வி.எம். என்பது லினக்ஸ் கருவின் ஒரு பகுதியாகவே இணைந்தது. ஹைப்பர்வைசருக்குத் தனிவிலை கொடுக்கவேண்டிய நிலை நீங்கியபின் வாடகை வீழ்ந்தமை வியப்பன்று. 2013ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் டிஜிற்றல் ஓஷன் என்னும் அமெரிக்கக் கம்பனி 512 மெகாபைற்று நினைவகமும் 20 ஜிகாபைற்று எஸ்.எஸ்.டி. வட்டும் கொண்ட வழங்கியை மாதம் ஐந்து டொலருக்குக் கொடுக்க முன்வந்தது. பின்னர் நினைவகம் இரட்டித்தது. 2022இல் அதன் விலை ஆறு டொலராயிற்று. ஆயினும், 'ஐந்து டொலர் வழங்கி' என்னும் வழக்கு நிலைத்துவிட்டது.

யாழ்ப்பாணத்துப் பங்குக் கிணற்றை அறிந்தவர்களுக்கு இவ்வேற்பாட்டை விளக்குதல் எளிது. கிணறு ஒன்று, பங்காளிகள் பலர். இன்னாருக்கு இன்ன நாளில் இவ்வளவு நேரம் என முறை வகுத்து அவர்கள் தோட்டத்துக்கு இறைப்பார்கள். எல்லோருக்கும் ஒரே வேளையில் நீர் வேண்டுவதில்லை என்னும் நம்பிக்கையின்மேலேயே அவ்வேற்பாடு நிற்கின்றது. மலிவு வழங்கிகளை வாடகைக்கு விடுவோரும் இவ்வாறே கணக்கிடுகின்றனர். பதினாறு கோர்களைக் கொண்ட இயந்திரத்தில் அறுபது பேரைக் குடிவைத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு கோர் உண்டென்று எழுதிக்கொடுத்தால், அது பொய்யென்று ஒரேயடியாகச் சொல்லிவிட இயலாது. பெரும்பாலான தளங்கள் நாளின் பெரும்பகுதியில் உறங்கிக்கொண்டே இருக்கின்றன. பங்காளிகளின் தொகை அளவுமீறும்போதுதான் வழக்குத் தோன்றுகின்றது. அறுபது நூற்றிருபதானால், உமது முறை வந்தபோதும் துலா மற்றொருவர் கையில் இருக்கும்.

பிரிக்கும் முறையிலும் வேற்றுமை உண்டு. கே.வி.எம். முறையில் ஒவ்வொரு வாடகையாளருக்கும் தனி லினக்ஸ் கரு அமையும். நினைவகமும் பெரும்பாலும் உறுதியாக ஒதுக்கப்படும். ஓப்பன்வி.இசட். முதலிய கொள்கலன் முறைகளில் கரு எல்லோருக்கும் பொதுவானது. ஆதலின், அங்கே வரம்புமீறி ஆட்சேர்த்தல் எளிது. சில மென்பொருள்கள் இயங்குவதுமில்லை. இரண்டும் ஒரே விலையாயின் கே.வி.எம். உடையதையே தெரிவுசெய்க. இதில் நீண்ட ஆராய்ச்சி வேண்டியதில்லை.

இனி அளவீட்டுக்கு வருவோம். துலா பிறர் கையில் இருந்த நேரத்தை அறிய ஒரு வழி உண்டு. லினக்ஸ் வழங்கியில் 'டொப்' என்னும் கட்டளையைக் கொடுத்தால், செயலியின் நேரம் எவ்வெவ்வாறு கழிந்தது என்பதை நூற்றுவீதமாகக் காட்டும் ஒரு வரி தோன்றும். அவ்வரியின் ஈற்றில் எஸ், ற்றி என்னும் இரண்டு எழுத்துகளோடு ஓர் எண் நிற்கும். களவுபோன நேரம் என்பது அதன் பொருள். உமது வழங்கி வேலைசெய்ய ஆயத்தமாக இருந்தும், இயந்திரம் பிறருக்குப் பணியாற்றியமையால் காத்துக்கிடந்த நேரத்தின் பங்கே அவ்வெண். அது சுழியாகவோ, ஒன்று இரண்டாகவோ இருப்பின் குறையில்லை. நாள்தோறும் பத்துக்கு மேலே நிற்குமாயின், எவ்வளவு மலிவாயினும் அவ்விடத்தை விட்டு நீங்குதலே தக்கது என்பது என் கருத்து.

இங்கே ஒன்று கவனிக்கற்பாலது. வழங்கி ஜேர்மனியில் இருக்க, அதன் அயலவரும் ஐரோப்பியராக இருப்பின், அவர்களுடைய தளங்கள் மிகுதியாகப் பார்க்கப்படுவது அந்நாட்டு மாலை வேளையிலேயாம். ஜேர்மனியில் மாலை எட்டு மணியாகும்போது இலங்கையில் அவர்களது கோடைக்காலத்தில் இரவு பதினொன்றரை மணி, மாரிக்காலத்தில் பன்னிரண்டரை. காலையுணவுக்குப்பின் இங்கிருந்துகொண்டு ஒருமுறை அளந்துபார்த்து, வழங்கி மிக வேகமானது என்று முடிவுசெய்பவர், ஊர் உறங்கும் வேளையில் கிணற்றடிக்குப் போய், நீர் தாராளமாகக் கிடைக்கின்றது என்று கூறுபவரை ஒப்பர். ஏழு நாட்களுக்கு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவ்வெண்ணைத் தானாகவே குறித்துவைக்கும்படி ஒரு சிறு கட்டளைக்கோவையை அமைத்துவிடுக. எண் காட்டப்படாத கொள்கலன் முறைகளில், ஒரே கணக்கை வெவ்வேறு வேளைகளில் செய்வித்து அதற்கு ஆகும் நேரத்தை ஒப்பிடுக. விடியற்காலையில் பத்துச் செக்கனில் முடியும் கணக்கு இரவில் இருபது செக்கன் எடுக்குமாயின், விடை கிடைத்துவிட்டது.

செயலியின் வேகத்தை விளம்பரம் கிகாஹேற்சில் கூறும். அவ்வெண்ணைக்கொண்டு அறியத்தக்கது சிறிதே. உமக்கு வேண்டியது, உமது தளத்தின் ஒரு பக்கத்தை ஆக்குவதற்கு எவ்வளவு நேரம் செல்லும் என்பதே. வேர்ட்பிரஸ் கொண்டு நடக்கும் தளமொன்றில் ஒரு பக்கத்தை ஆக்கச் செயலிக்குக் கால் செக்கன் ஆகின்றது என்று கொள்வோம். ஒரே கோர் உள்ள வழங்கி செக்கனுக்கு நான்கு பக்கமே ஆக்கும். மணித்தியாலத்துக்கு 14,400 பக்கம் என்று பெருக்கிப் பார்த்தால் பெருந்தொகையாகத் தோன்றும். ஆயின், வாசகர் வரிசையில் நின்று ஒழுங்காக வருபவரல்லர். பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளிலும், மரண அறிவித்தல் ஒன்று பரவும் வேளையிலும், பத்துச் செக்கனில் இருநூறு பேர் ஒருங்கே கதவைத் தட்டுவர். நாற்பது பேருக்கே விடை கிடைக்கும். ஏனையோர் வெறுந்திரையைப் பார்த்துக்கொண்டு இருப்பர். இதற்கு மருந்து வேறு வழங்கி வாங்குவதன்று. ஒருமுறை ஆக்கிய பக்கத்தை இடைச்சேமிப்பில் வைத்து, அடுத்தடுத்து வருவோர்க்கு அதனையே கொடுக்கும்படி செய்தலாம். அவ்வாறு செய்தால், அதே ஐந்து டொலர் வழங்கி செக்கனுக்கு நூற்றுக்கணக்கான பக்கங்களை இலகுவில் அனுப்பும். இதனைச் செய்யாமலே வழங்கியைப் பழிப்போர் பலர்.

நினைவகத்தைப் பற்றிய கணக்கோ மன்னிப்பற்றது. செயலி போதாவிடின் தளம் தாமதிக்கும். நினைவகம் போதாவிடின் தளம் வீழும். ஒரு ஜிகாபைற்று, அஃதாவது 1,024 மெகாபைற்று உள்ள வழங்கியை எடுத்துக்கொள்வோம். இயங்குதளத்துக்கும் சில்லறைப் பணிகளுக்கும் 200, தரவுத்தளத்துக்கு 250, இணைய வழங்கி மென்பொருளுக்கு 50 என ஒதுக்கினால், எஞ்சுவது ஏறத்தாழ 500. பக்கத்தை ஆக்கும் பி.எச்.பி. பணியாள் ஒவ்வொருவனும் 50 மெகாபைற்று விழுங்குவானாயின், பத்துப் பணியாளருக்கே இடமுண்டு. இக்கணக்கைச் செய்யாமல் முப்பது பேரை அமர்த்தினால் யாது நிகழும்? சாதாரண நாட்களில் ஒன்றும் நிகழாது. கூட்டம் வரும் நாளில் முப்பதின்மரும் எழுந்துநிற்பர், நினைவகம் தீர்ந்துவிடும், அப்பொழுது லினக்ஸ் கரு தன்னைக் காத்துக்கொள்ளும்பொருட்டு ஏதேனும் ஒரு பணியைக் கொன்றுவிடும். பெரிய இடத்தைப் பிடித்திருப்பதையே அது முதலில் நோக்குமாதலின், பெரும்பாலும் பலியாவது தரவுத்தளம். தரவுத்தளத்துடன் தொடர்பு கொள்ள முடியவில்லை என்னும் ஒற்றை வரியை வாசகர் காண்பர். சங்கத்தின் செயலாளர் வழங்கிக் கம்பனிக்குக் கடிதம் எழுதுவார். கம்பனியோ, இயந்திரம் நன்றாகவே இயங்குகின்றது என்று மறுமொழி அனுப்பும். அம்மறுமொழி உண்மையே.

வட்டுக்கு வருவோம். பழைய சுழலும் வட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும். ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெக்கன், வேண்டிய இடம் முனையின்கீழ் வந்துசேரச் சராசரி அரைச்சுற்று, முனை நகர்வதற்கு மேலும் எட்டோ ஒன்பதோ மில்லிசெக்கன். ஆக, அங்குமிங்கும் சிதறிக் கிடக்கும் தரவுகளை அது செக்கனுக்கு எண்பது தடவை அளவிலேயே எடுத்துக்கொடுக்கும். எஸ்.எஸ்.டி. வட்டில் சுழலும் உறுப்பே இல்லாமையால், அத்தொகை பல ஆயிரமாக உயர்கின்றது. தரவுத்தளத்துக்கு இன்றியமையாதது இச்சிதறல் வாசிப்பேயன்றி, பெரிய கோப்பு ஒன்றைத் தொடர்ந்து எழுதும் வேகமன்று. ஆயினும், வழங்கிகளை மதிப்பிட்டு எழுதுவோரிற் பலர் டி.டி. என்னும் கட்டளையால் ஒரு கோப்பை எழுதி, செக்கனுக்கு இத்தனை நூறு மெகாபைற்று என்று பெருமிதத்துடன் அறிவிக்கின்றனர். அவ்வெண்ணிற் பெரும்பகுதி வட்டினுடையதன்று. நினைவகத்தில் தற்காலிகமாகத் தேங்கியதன் வேகமே. எஃப்.ஐ.ஓ. என்னும் கருவியைக்கொண்டு, நான்கு கிலோபைற்றுத் துண்டுகளாக, இடைத்தேக்கத்தைத் தவிர்த்து, நினைவகத்தினும் பெரிய கோப்பில் ஒழுங்கின்றி வாசித்தும் எழுதியும் பார்த்தலே முறையான சோதனையாகும். சராசரியை மாத்திரம் பாராமல், நூற்றில் ஒன்றாக வரும் மிகத் தாமதமான விடை எத்துணை நேரம் எடுத்தது என்பதனையும் பார்க்குக. அயலவரின் குறும்பு அங்கேதான் வெளிப்படும்.

இச்சோதனையை மணிக்கணக்காக நடத்துதல் கூடாது. கிணற்றில் எவ்வளவு நீர் உண்டென்று அறிவதற்காக அதனை முழுவதும் இறைத்துப் பார்ப்பவனைப் பங்காளிகள் வாழ்த்தமாட்டார்கள். பல கம்பனிகளின் நிபந்தனைகளிலும் அது குற்றமாகவே எழுதப்பட்டிருக்கின்றது.

வழங்கி எந்நாட்டில் இருக்கவேண்டும் என்பது வாசகர் எங்கே இருக்கின்றனர் என்பதைப் பொறுத்தது. கண்ணாடி இழையினூடே ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் செல்லும். கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஏறக்குறைய 2,700 கிலோமீற்றர்; போய்த் திரும்ப 27 மில்லிசெக்கனுக்குக் குறைய இயலாது. பிராங்போட் நகரமோ 8,000 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ளது. அங்கே போய்வர 80 மில்லிசெக்கன் வேண்டும். இவை நேர்கோட்டுக் கணக்கு. கடலடிக் கம்பி நேர்கோட்டில் செல்வதில்லை. மாத்தறையிற் கரையேறும் ஐந்தாவது சீ-மீ-வீ கம்பி செங்கடல் வழியாகவும் எகிப்து வழியாகவுமே ஐரோப்பாவை அடைகின்றது. ஆதலின், உண்மையான நேரம் இதனினும் மிகும். ஒரு பாதுகாப்பான தொடர்பை முதன்முறை ஏற்படுத்திப் பக்கத்தின் முதலெழுத்தைப் பெறுவதற்குக் குறைந்தது மூன்று தடவை போய்வரவேண்டியிருத்தலால், ஒரு தடவைக்கு 150 மில்லிசெக்கனாயின் ஏறத்தாழ அரைச் செக்கன் வழியிலேயே கழிந்துவிடும். எந்தச் செயலியாலும் அதனை மீட்க முடியாது. எனினும், சங்கத்தின் உறுப்பினரில் அரைவாசிப்பேர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருப்பாராயின், ஐரோப்பாவிலுள்ள வழங்கி எல்லோருக்கும் நடுவானதாக அமையும். 'பிங்' என்னும் கட்டளையால் ஒவ்வோரிடத்திலிருந்தும் அளந்து பார்த்துத் தீர்மானிக்க வேண்டியது இது. பல கம்பனிகள் இதற்கெனவே ஒரு சோதனை முகவரியை வெளியிட்டிருப்பதனால், பணம் கட்டுமுன்னரே இவ்வளவீட்டைச் செய்துகொள்ளலாம்.

தரவுப் போக்குவரத்தைப் பற்றிய விளம்பரம் ஓர் உதாரணத்தால் விளங்கும். மாதம் ஒரு ரெராபைற்று, வாயிலின் வேகம் செக்கனுக்கு ஒரு கிகாபிற்று என்று எழுதியிருக்கும். இரண்டும் உண்மையே. ஆயின், அவ்வேகத்தில் இடைவிடாது அனுப்பினால், மாதப் பங்கு முழுவதும் இரண்டு மணி பதின்மூன்று நிமிடத்தில் தீர்ந்துவிடும். மாதம் முழுவதும் பரப்பி அனுப்பினாலோ, சராசரி வேகம் மூன்று மெகாபிற்றே. பக்கமொன்று இரண்டு மெகாபைற்று நிறையுடையதெனின், ஒரு ரெராபைற்றில் ஐந்து இலட்சம் தடவை அதனை அனுப்பலாம். சிறு தளத்துக்கு அதுவே மிகை. ஒலிப்பதிவும் காணொளியும் வைப்போர் மாத்திரம் இங்கே விழிப்பாக இருக்கவேண்டும். பங்கு கடந்தபின் தளத்தை நிறுத்துவார்களா, வேகத்தைக் குறைப்பார்களா, மேலதிகப் பணம் கேட்பார்களா என்பதை ஒப்பந்தத்தில் தேடி வாசிக்குக.

ஆண்டுக்குப் பதினைந்து டொலர் என்னும் விலையின் மருமம் சிலவேளைகளில் முகவரியிலேயே அடங்கியிருக்கும். பழைய நான்காம் பதிப்பு இணைய முகவரிகளின் உலகப் பொதுக்கையிருப்பு 2011 பெப்ரவரியில் தீர்ந்தது; ஐரோப்பாவுக்குரிய பதிவகத்தின் கையிருப்பு 2019 நவம்பரில் தீர்ந்தது. அதன்பின் முகவரி விலைபேசி வாங்கும் பண்டமாயிற்று. அமேசன் நிறுவனம் 2024 பெப்ரவரி முதல் அத்தகைய முகவரி ஒன்றுக்கு மணிக்கு அரைச் சதம், அஃதாவது மாதத்துக்கு ஏறத்தாழ 3.60 டொலர், கட்டணம் விதித்தது. ஆகவே, மிக மலிந்த வழங்கி ஒன்றைக் காணும்போது, அதற்குச் சொந்தமான நான்காம் பதிப்பு முகவரி உண்டா, அல்லது ஆறாம் பதிப்பு முகவரி மாத்திரந்தானா என்று கேட்டறிக. பின்னையதாயின், உமது வாசகரில் ஒரு சாரார் நேரே வந்தடைய முடியாமற் போவர்.

'நூற்றுக்கு 99.9 வீதம் இடையறாச் சேவை' என்னும் வாக்குறுதியையும் எண்ணிப் பார்க்கவேண்டும். முப்பது நாள் மாதத்தில் 43 நிமிடம் நின்றுபோனாலும் அவ்வாக்குறுதி பிழைத்ததாகாது. நூற்றுக்கு 99 என்றாலோ, ஏழு மணித்தியாலத்துக்கு மேல். வாக்குறுதி பிழைத்தால் கிடைக்கும் நட்டஈடு பெரும்பாலும் வாடகையின் ஒரு பங்கேயாகும். ஐந்து டொலர் வாடகையில் பத்து வீதம் என்றால் ஐம்பது சதம். தளம் நின்றதால் உமக்கு நேர்ந்த இழப்பை அது ஈடுசெய்யப்போவதில்லை.

இவ்விடத்தில் விற்பவரின் நிலைபேற்றையும் கருதவேண்டியிருக்கின்றது. 2019ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் அமெரிக்காவில் ஏறத்தாழ இருபது மலிவு வழங்கிக் கம்பனிகள் ஒரே நாளில், ஏறக்குறைய ஒரே வாசகத்தில், தம் வாடிக்கையாளருக்குக் கடிதம் அனுப்பின. இரண்டு நாளில் கடையை மூடுகின்றோம். உங்கள் தரவுகளை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே அதன் சாரம். அது வார இறுதி. கடிதத்தைத் திங்கட்கிழமை திறந்துபார்த்தவரின் நிலையைக் கூறவேண்டியதில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பணம் கட்டியவர்களும் அவர்களிடையே இருந்தனர். முன்பணம் கட்டினால் விலை குறையும் என்பது மெய். ஆயினும், முதல் ஆறு மாதமாவது மாதந்தோறும் கட்டுதலே அறிவுடைமை என்று நான் கருதுகின்றேன். மணிக்கணக்கில் வாடகை அறவிடும் கம்பனியாயின் இன்னும் நன்று. ஒரு வாரம் சோதித்துப் பார்த்து, விருப்பமில்லையாயின் ஒரு டொலர் செலவோடு நீங்கிவிடலாம்.

இத்துணையும் கூறியபின், எல்லாவற்றிலும் பெரிய ஒன்று எஞ்சி நிற்கின்றது. சிறிய கம்பனி மறைந்துபோகும். பெரிய கம்பனியை நம்பினால் போதுமே என்று எண்ணுவோர் 2021ஆம் ஆண்டு மார்ச் 10ஆந் திகதி நிகழ்ந்ததை அறிதல் வேண்டும். பிரான்சு நாட்டில், றைன் ஆற்றங்கரையிலுள்ள ஸ்திராஸ்பூர்க் நகரில், ஓ.வி.எச். என்னும் நிறுவனத்தின் தரவு நிலையங்கள் உள்ளன. ஐரோப்பாவின் மிகப்பெரிய வழங்கி நிறுவனங்களுள் அஃது ஒன்று. அன்று நள்ளிரவுக்குப் பின், அங்கிருந்த ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றில் தீப்பற்றியது. விடியுமுன் கட்டடம் முழுவதும் எரிந்தொழிந்தது. பக்கத்துக் கட்டடத்தின் ஒரு பகுதியும் அழிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. எரியாத ஏனைய இரு கட்டடங்களும் மின்சாரமின்றி நின்றுபோயின. முப்பத்தாறு இலட்சம் இணையத்தளங்கள் அன்று எட்டாமற்போயின என்று நெற்கிராவ்ற் என்னும் இணைய ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. அக்கட்டடத்தில் தானியங்கித் தீயணைப்பு ஏற்பாடும், மின்சாரம் முழுவதையும் ஓரிடத்தில் துண்டிக்கும் விசையும் இல்லை என்று தீயணைப்புப் படையினர் பின்னர் அறிக்கையிட்டனர். எரிந்துகொண்டிருக்கும்போதே நிறுவனத்தின் தாபகர், அனர்த்த மீட்புத் திட்டத்தைத் தொடக்குமாறு வாடிக்கையாளரைக் கேட்டுக்கொண்டார். அத்தகைய திட்டம் ஒன்று தமக்கு இல்லையே என்பதைப் பலர் அன்றுதான் உணர்ந்தனர்.

அவர்களுள் ஒரு சாரார் காப்புப் பிரதிக்கெனத் தனிக்கட்டணம் செலுத்தி வந்தவர்கள். காப்புப் பிரதி, மூலத் தரவு உள்ள இடத்திலிருந்து வேறாக்கி வைக்கப்படும் என்று ஒப்பந்தம் கூறியது. தீ அணைந்தபின் வெளிப்பட்ட உண்மை யாதெனின், மூலம் இருந்த அதே கட்டடத்திலேயே பிரதியும் இருந்தது என்பதாம். இரண்டும் ஒருங்கே சாம்பலாயின. வழக்குத் தொடரப்பட்டது. 2023 ஜனவரியில் லீல் நகர வணிக நீதிமன்றம் ஒரு வாடிக்கையாளருக்கு 100,000 யூரோவுக்கு மேற்பட்ட தொகையை நட்டஈடாகச் செலுத்துமாறு அந்நிறுவனத்துக்குத் தீர்ப்பளித்தது. தொகை பெரிதே. ஆயினும், எரிந்த தரவு எரிந்ததே. இரண்டு ஆண்டுகளாக ஒரு சங்கம் சேர்த்த அங்கத்தவர் பட்டியலையோ, சஞ்சிகையின் பழைய இதழ்களையோ எந்த நீதிமன்றமும் திருப்பித் தர இயலாது.

ஆதலின், வழங்கியை மதிப்பிடும்போது, காப்புப் பிரதி எடுக்கும் வசதி உண்டா என்று மட்டும் கேளாது, அது எந்த ஊரில், எந்தக் கட்டடத்தில் வைக்கப்படுகின்றது என்றும் கேட்குக. கம்பனி தருவதை மேலதிகமாகக் கொண்டு, முதன்மையான பிரதியை நீரே வேறொரு கம்பனியிடமோ, வீட்டிலுள்ள வட்டிலோ வைத்துக்கொள்ளல் வேண்டும். வழங்கிக்குள்ளேயே மற்றொரு கோப்புறையில் பிரதியை எடுத்துவைத்துவிட்டு ஆறுதல் அடைவோரும் உளர். பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டுவதற்கும் அதற்கும் வேற்றுமை சிறிது. அன்றியும், வழங்கியே பிரதியைத் தள்ளி அனுப்பும் ஏற்பாட்டினும், வெளியிலிருந்து ஒரு கணினி வந்து இழுத்துச் செல்லும் ஏற்பாடே மேலானது. வழங்கி பகைவர் கையிற் சிக்கினால், தள்ளி அனுப்பும் சாவியும் அவர்கள் கையிற் சிக்கும். பழைய பிரதிகளையும் அவர்கள் அழித்துவிடுவர்.

பகைவர் என்றமை மிகையன்று. புதிய வழங்கி ஒன்று இணையத்தில் எழுந்த சில நிமிடங்களுக்குள்ளேயே, உலகின் பல மூலைகளிலிருந்தும் தானியங்கிகள் அதன் கதவைத் தட்டிக் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்ப்பதை நுழைவுப் பதிவேட்டில் காணலாம். பொதுத் தங்குமிடத்தில் கதவைக் காப்பவர் விடுதிக்காரர். தனி வழங்கியிலோ அப்பொறுப்பு வாடகையாளரையே சேரும். கடவுச்சொல் நுழைவை நிறுத்திச் சாவிக்கோப்பு முறையைக் கைக்கொள்ளலும், பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே நிறுவப்படுமாறு அமைத்தலும் முதல் நாளிலேயே செய்யவேண்டியவை. இதற்கு மாதம் ஒரு மணித்தியாலமேனும் ஒதுக்கத்தக்க ஒருவர் சங்கத்தில் இல்லையாயின், வழங்கி எவ்வளவு நல்லதாயினும் அதனை வாங்காமல், பொதுத் தங்குமிடத்திலேயே இருத்தல் நன்று என்று தயக்கமின்றிக் கூறுவேன். ஐந்து டொலர் என்பது இயந்திரத்தின் வாடகை. காவற்காரனின் சம்பளம் அதில் அடங்கவில்லை.

கடைசியாக ஒரு சோதனை. மேலே கூறிய சோதனைகள் எல்லாம் வழங்கியைப் பற்றியவை. இஃது உமது ஆயத்தத்தைப் பற்றியது. தளத்தை அமைத்து முடித்தபின், ஒரு விடுமுறை நாளில், மற்றொரு கம்பனியில் மணிக்கணக்கு வாடகையில் வெறும் வழங்கி ஒன்றை எடுத்து, காப்புப் பிரதியைமட்டும் கையில் வைத்துக்கொண்டு, தளத்தை அங்கே மீண்டும் எழுப்பிப் பார்க்குக. எவ்வளவு நேரம் செல்கின்றதென்று கடிகாரத்தைக் கொண்டு குறிக்குக. முதன்முறை பாதிநாள் செல்லும். ஏதேனும் ஒரு கோப்புப் பிரதியில் இல்லை என்பதும் தெரியவரும். அதனைத் திருத்தி மறுமுறை செய்தால், ஒரு மணித்தியாலத்தில் முடியும். பெயர்ப் பதிவேட்டில் உமது முகவரியின் ஆயுளை 300 செக்கனாகக் குறைத்து வைத்திருந்தால், இடம் மாறிய செய்தி ஏறத்தாழ ஐந்து நிமிடத்தில் வாசகரிற் பெரும்பாலாரைச் சென்றடையும். வேலை முடிந்ததும் அவ்வெறும் வழங்கியை நீக்கிவிடலாம். இச்சோதனைக்குச் செல்லும் செலவு பத்துச் சதத்துக்கு மேற்படாது.